சகப்பிணைப்புக் கரிமச் சட்டகம்: சொல் விளக்கம்

கோவேலன்ட் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க், சுருக்கமாக சிஓஎஃப். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், போரான் போன்ற எடை குறைந்த அணுக்களால் ஆன, சீரான நுண்துளைகள் கொண்ட படிகப் பொருள் இது. வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு 2005இல் சிஓஎஃப்-1, சிஓஎஃப்-5 என்ற முதல் இரண்டை வெளியிட்டது.

ஃப்ரேம்வொர்க்கைச் சிலர் ‘கட்டமைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது ஸ்ட்ரக்சருக்கு உரிய சொல். ‘சட்டகம்’ என்றால் கதவுச் சட்டம் நினைவுக்கு வரும், நடுவே வெற்றிடம் இருப்பதும் கூடவே புரிந்துவிடும். இந்தப் பொருளின் பயனே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ஆர்கானிக்குக் ‘கரிமம்’ என்பது கரியிலிருந்து வந்த சொல். மூலச் சொல்லைவிடத் துல்லியமானது.

கோவேலன்ட்தான் சுவையானது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேரும் பிணைப்பைக் குறிக்கும் சொல் அது. ‘கோவேலன்ஸ்’ என்ற சொல்லை 1919இல் வேதியியலாளர் இர்விங் லாங்முயிர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘கோ’ என்றால் சேர்ந்து. ‘வேலன்ஸ்’ லத்தீன் ‘வலேரே’யிலிருந்து வந்தது, பொருள் வலுவாக இருத்தல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சகப்பிணைப்பு’. இலங்கையில் ‘பங்கீட்டு வலுப்பிணைப்பு’. எலக்ட்ரான்களைப் பங்கிடுவதும் லத்தீனின் வலுவும் இரண்டுமே இந்த இலங்கைச் சொல்லில் இருக்கின்றன. பழக்கம் கருதித் தலைப்பில் முதலாவதை வைத்தேன். மனம் இரண்டாவதன் பக்கம்தான்.

சரி, வலுவான பிணைப்பு என்றால் படிகமாக்குவது கடினம். தப்பாக ஒட்டிய மூலக்கூறு அப்படியே நின்று, ஒழுங்கற்ற பிசின்தான் மிஞ்சும். அதனால் மீளக்கூடிய வினையை, அதாவது சேர்ந்த பிணைப்பு மறுபடி பிரியவும் கூடிய வினையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமீன், ஆல்டிஹைடு என்ற இரு வகைக் கரிமச் சேர்மங்கள் சேர்ந்து, கார்பனும் நைட்ரஜனும் இணையும் இமைன் பிணைப்பு உண்டாகும்போது நீர் வெளியேறும். கண்ணாடிக் குழாயை மூடி, சிறிது அசெட்டிக் அமிலத்தோடு 120 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் போல வைத்தால், அந்த நீர் உள்ளேயே தங்கிப் பிணைப்புகளை மறுபடி உடைக்கும். பிழையான இணைப்புகள் அவிழ்ந்து, சரியான இடத்தில் மீண்டும் பின்னிக்கொள்ளும். முடிவில் கரைப்பான்களில் கரையாத தூள் கிடைக்கும்.

சிஓஎஃப்-103இன் 1 கிராமில் உள்ள மேற்பரப்பு 4,210 சதுர மீட்டர். வாயுக்களைச் சேமிக்கவும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கவும், வினையூக்கியாகவும் இவற்றை ஆராய்வது அதனால்தான்.

அப்புறம் ஒன்று. 2025 வேதியியல் நோபல் பரிசு ‘உலோகக் கரிமச் சட்டக’த்துக்கு. கிட்டகாவா, ராப்சனோடு அதைப் பகிர்ந்துகொண்டவரும் இதே யாகிதான். ஆனால் அந்தச் சட்டகத்தில் மூலக்கூறுகளை இணைக்கும் முடிச்சு உலோகம். சிஓஎஃப்பில் உலோக முடிச்சு கிடையாது.