‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று திரை சொன்னால்

கீழக்கரையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்து 14 ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் உப்புக்காற்றில் சார்ஜ் துளை பச்சை பூத்துப்போன பேசிகள்தான் அதிகம் வரும். இப்போது வேறு ரகமும் வருகிறது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, நோயெல்லாம் உள்ளே.

சென்ற மாதம் ஒரு லாத்தா (அக்கா) கொண்டுவந்த பேசி அப்படிப்பட்டது. சும்மா கிடக்கும்போதே சுடுகிறது, விளம்பரம் தானாக எழும்புகிறது, வங்கியின் குறுஞ்செய்திகள் வருவதே இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என் வயிற்றைக் கலக்கியது. பிரித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பக்கத்தைத் திறந்தேன். அனிமே என்னும் ஜப்பானியப் பொம்மைப்படம் பார்க்கும் செயலி ஒன்று முழு அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லவும், தொட முடியாதவர்களுக்குப் பதிலாகத் தொடவும் வைத்த வசதி அது. கண்ட செயலிக்கு அதைக் கொடுத்தால், திரையில் தெரிவதையெல்லாம் அது படிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். பொம்மைப்படம் ஓட்டுவதற்கு அந்த அனுமதி எதற்கு?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் தலைகுனிந்து நின்றான். டெலிகிராமில் யாரோ கொடுத்த ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு. “காக்கா (அண்ணா), அந்தத் தொடர் இங்கே கிடைக்காது என்று வந்தது. அதனால்தான்.” வாப்பா துபாயில் இருக்கிறார். விடுமுறைக்குப் போனபோது அங்கே பார்த்த தொடர், அதே சந்தாக் கணக்கில் ஊருக்கு வந்ததும் காணாமல்போயிருக்கிறது. காசும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று அவனுக்கு ஒரே கோபம்.

ஏமாற்று இல்லை, ஏலம். நம் கரையில் படகு வந்ததும் நண்டை ஒரு கம்பெனி எடுக்கும், நெத்திலியைக் கருவாட்டு வியாபாரி எடுப்பார். அனிமே உரிமையும் இப்படித்தான் நாடு வாரியாகப் பிரிந்து விற்கிறது. ஜப்பானில் ஒரு தொடரைப் பெரும்பாலும் பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம் என்று பலர் கூட்டாகப் பணம்போட்டு எடுக்கிறார்கள். அமீரகத்துக்கு வாங்கியவர் இந்தியாவுக்கும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் எங்கே பணம் கட்டினீர்கள் என்பதைத் தளம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இப்போது எந்த நாட்டு இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்றுதான் பார்க்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அரிச்சல்முனையில் நின்றால் இலங்கைக்கான தொடர்ப் பட்டியல் திறக்குமா என்று இரண்டு பையன்கள் கேட்டிருக்கிறார்கள். திறக்காது. ரோமிங்கில் தரவு பெரும்பாலும் நம் சிம் நிறுவனத்தின் வழியாகவே சுற்றி வரும். பட்டியல் அப்படியே இருக்கும், கட்டணம்தான் ஏறும்.

ஒரு தளத்தில் இல்லை என்றால் இந்தியாவிலேயே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பிழை அங்கேதான். தைவான் நிறுவனத்தின் ‘மியூஸ் ஆசியா’, ஹாங்காங் மீடியாலிங்க்கின் ‘ஆனி-ஒன் ஆசியா’ ஆகிய யூடியூப் அலைவரிசைகள் உரிமை வாங்கிய தொடர்களை ஆங்கில வசன வரிகளோடு காட்டுகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசில்லை, விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும். உரிமைக்காலம் முடிந்ததும் தொடர் இறங்கிவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அனிமேக்கான சந்தாத் தளமான கிரன்ச்சிரோல் 2022இல் இந்தியாவுக்கான தொடக்கநிலைக் கட்டணத்தை மாதம் 79 ரூபாயாகக் குறைத்தது. ‘சோலோ லெவலிங்’ போன்ற சில தொடர்கள் அங்கே தமிழ்க் குரலிலேயே உண்டு. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டிலும் தேடுங்கள். ஒரே தொடரின் முதல் சீசன் ஓரிடத்திலும் அடுத்தது வேறிடத்திலும் இருப்பது சாதாரணம். எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

விபிஎன் (வேறு நாட்டு இணைய முகவரியிலிருந்து வருவதுபோல் காட்டும் செயலி) போட்டுத் தரச் சொல்பவர்களும் உண்டு. நான் போட்டுத் தருவதில்லை. அதன் வழியாக வேறு நாட்டுப் பட்டியலைத் திறப்பது தளங்களின் விதிகளுக்குப் புறம்பு. இலவச விபிஎன் என்றால், நம் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவரின் குழாய் வழியாக விடுகிறோம். திருட்டுக் கோப்புகளைக் குழுவில் பரப்பும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது.

அப்படியொரு செயலியை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு அணுகல்தன்மை அனுமதியை எடுங்கள், அதன் பிறகே செயலியை நீக்குங்கள். அனுமதி இருக்கும்வரை சில செயலிகள் தம்மை நீக்கவே விடாது. கடவுச்சொற்களை வேறொரு பேசியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் நிமிடம் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். லாத்தாவின் கணக்கில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. என் கடைப் பேசியிலிருந்தே அந்த எண்ணை அழைத்தோம். புகார் பதிவாகும்வரை அவர் மகனைத் திட்டவே இல்லை. வெளியே போன பிறகு கேட்டது.

அந்தத் தொடரின் முதல் இரண்டு சீசன்களை யூடியூபில் நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது இந்தியாவில் இன்னும் யாரிடமும் இல்லை. பள்ளி விட்டுப் போகும்போது கடை வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே மூன்று விரலைக் காட்டுகிறான். நான் உதட்டைப் பிதுக்குகிறேன்.