துப்பாக்கிக்குத் துணி வெட்டுகிறவர்கள் 'காட்டன்' சீட்டை நம்பாதீர்கள்

காரைக்குடியில் இருபது வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஒருவர், குழல் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கிற பழைய மாதிரி ரைபிளில் குறி பார்த்துச் சுடுகிறவர். கல்யாணத்துக்கு வந்தபோது, "மாப்ளே, குண்டைச் சுத்துறதுக்குக் கெட்டியான காட்டன் ரெண்டு மீட்டர் கொடு" என்றார். சீட்டில் நூறு சதவீதம் காட்டன் என்று இருந்ததைக் கொடுத்தனுப்பினேன். சுட்டுப் பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்பினார். தரையில் கிடந்த துணித் துண்டுகளில் நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் உருகிக் கறுப்பு மணிகள். மொத்த வியாபாரி பேச்சை நம்பி, சோதிக்காமல் கொடுத்தது என் தப்பு. இதை எழுதுவதும் அதனால்தான்.

அந்தத் துணிக்கு அங்கே என்ன வேலை? 0.50 அங்குலக் குழலுக்குப் பெரும்பாலும் 0.490 அங்குல ஈயக்குண்டு போடுகிறார்கள். இடைவெளியை நிரப்பி, குழலுக்குள் ஓடும் வரிகளைப் பிடித்து, குண்டைச் சுழற்றி அனுப்புவது எண்ணெய் தடவிய இந்தத் துணிதான். நெருப்பு நேராக அதன்மேல் அடிக்கும். பருத்தி கருகினாலும் தாங்கும், பாலியெஸ்டர் உருகிக் குழலிலேயே ஒட்டும்.

சோதிப்பது சுலபம். பாவிலிருந்து, அதாவது நீளவாக்கில் ஓடுவதிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து, அதாவது குறுக்கே ஓடுவதிலிருந்து ஒரு நூல் உருவுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாவு பருத்தியாகவும் ஊடை கலப்பாகவும் வருகிற துணி நிறைய உண்டு. இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாக உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகும், ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத உருண்டை நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் நெருநெருவென்று தட்டுப்படும்.

எந்தத் துணி நல்லது என்றால், இலவம்பஞ்சு மெத்தைக்கு உறை தைக்கிற கோடு போட்ட கெட்டித் துணியைச் சொல்வேன். பஞ்சு வெளியே வராதபடி நெருக்கி நெய்தது, அமெரிக்காக்காரர்களும் தலையணை உறைத் துணியைத்தான் தேடுகிறார்கள். வாங்கியதும் வெந்நீரில் இரண்டு தடவை அலசுங்கள். கஞ்சி போகாமல் அளந்தால் கனம் பொய் சொல்லும். காய்ந்ததும் கனம் அளக்கிற மைக்ரோமீட்டர் கருவியில் அழுத்திப் பாருங்கள், 0.015 அங்குலம் ஆரம்பிக்க நல்ல அளவு, குண்டு ரொம்ப இறுகினால் கொஞ்சம் மெல்லியதுக்குப் போகலாம்.

வெட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர் தோலில் வட்டம் போடும் அச்சு போதும். துணியை நாலாக மடித்து மரக்கட்டைமேல் வைத்து அடித்தால் நாலு வட்டம், ஒன்றேகால் அங்குலத்துக்குள். சதுரமாக வெட்டினாலும் வேலை செய்யும்.

சுட்டபின் துண்டுகளைப் பொறுக்கிப் பாருங்கள், கருகியிருந்தாலும் முழுசாக இருக்க வேண்டும். புகைந்துகொண்டே விழுவதும் உண்டு, காய்ந்த புல்லில் கிடந்தால் மிதித்து அணைத்துவிடுங்கள்.

அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி இந்த வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பழைய வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால், உள்ளே மருந்து இருக்கலாம், கம்பியை விட்டுக் குத்தாமல் அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மச்சானுக்கு இந்தத் தடவை, நூல் உருவிக் கொளுத்திப் பார்த்த மெத்தைத் துணி மூன்று மீட்டர் கட்டி வைத்திருக்கிறேன்.