வாசல் தெளிக்கும் சத்தமும் வௌவாலின் கடிகாரமும்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. முதல் வாரம் ஏழு மணிக்கு எழுந்தேன். அடுத்த வாரம் எட்டரை. ஏப்ரல் பாதியில், பத்து மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டே "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. வேலை இருக்குமா, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று எதுவும் தெரியாத நாட்கள். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பழி முழுவதும் சோம்பலுக்குச் சேராது என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் குறுக்காகச் சந்திக்கின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் திரண்டிருக்கின்றன. மொத்தமும் ஓர் அரிசிமணி அளவுகூட இருக்காது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு ஏற வேண்டும், விடியலுக்கு முன்பே, உடலை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பை எப்போது கூட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அதன் வேலை.

ஆனால் அது கொஞ்சம் மெதுவாக ஓடும் கடிகாரம். பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். சராசரியாகப் பத்து நிமிடம் போல. தினமும் முள்ளைத் திருப்பி வைக்க ஆள் வேண்டும். காலை வெளிச்சம் அதைச் செய்கிறது. உருவங்களைக் காட்டுவதற்காக இல்லாமல், வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் அந்தக் கடிகாரத்துக்குச் சேதி சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் உண்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஃபோனோடு கிடந்தவனுக்கு முள் திருப்ப ஆளே இல்லை. அப்புறம் எழும் நேரம் தள்ளிப் போகாமல் என்ன செய்யும்?

முள் திருப்ப ஆளில்லாத நிலையை மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் 1962-இல் வேண்டுமென்றே தேடிப் போனார். அப்போது அவருக்கு 23 வயது. ஜூலை 16 அன்று ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் இறங்கினார். கைக்கடிகாரம் கிடையாது, வெயில் கிடையாது. எழுந்ததும் தூங்கப் போகும்போதும் மேலே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் மணி சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14 அன்று "முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள்" என்றபோது அவர் நம்பவில்லை. அவர் கணக்கில் அன்றைக்கு ஆகஸ்ட் 20. இத்தனைக்கும் அவர் உடல் ஏறத்தாழ 24 மணி 30 நிமிடத்துக்கு ஒரு நாள் என்று ஒழுங்காகவே தூங்கி எழுந்திருக்கிறது. தொலைந்தது மனக்கணக்கு. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுவதாக நினைத்து எண்ணினார். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. எனக்குக் கிழமை மறந்ததில் ஆச்சரியமில்லை.

இதோடு 'என்ன ஆகுமோ' என்ற பயமும் சேர்ந்தால்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து நடத்திய சோதனை ஒன்று 2016-இல் வெளியானது. திரையில் தெரியும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின் அதிர்ச்சி. வாய்ப்பு அளவு மாறிக்கொண்டே இருக்கும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது வந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி என்று இருந்தபோது வந்த பதற்றம் அதிகம். பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் காலை, ஃபெயில் என்று தெரிந்துவிட்ட மாலையைவிடக் கொடுமை என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

மூளை எப்போதும் அடுத்து என்ன என்று கணித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. வேலை நிலைக்குமா என்ற கணிப்புக்கு, தினமும் தவறாமல் ஆறரை மணிக்குக் குடிக்கும் காப்பியால் பதில் சொல்ல முடியாது, உண்மை. ஆனாலும் நாளில் நான்கு விஷயமாவது எதிர்பார்த்தபடி நடந்தால், எல்லாமே பாதிக்குப் பாதி என்ற நிலை இல்லாமல் போகிறது. இது என் ஊகம்தான். என்றாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை மதுரையில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் உயிர்க்கடிகாரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் உடன் இருந்தவர்களும் வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் வாழும் மற்ற வௌவால்கள் வழக்கம்போல அந்தியில் வெளியே பறந்து, விடியுமுன் திரும்பின. கூண்டு வௌவாலின் கடிகாரமும் நாள் தவறாமல் அவற்றோடு ஒத்தே ஓடியது. ஆனால் வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்த வௌவாலின் நேரம், சிஃப்ரைப் போலவே, தன் போக்கில் நகர்ந்துவிட்டது. 1981-இல் வெளிவந்த ஆய்வு இது. வெயிலைக் காணாத உயிர், கூட்டம் போய்வருவதை வைத்தே நேரம் பிடித்திருக்கிறது.

சுவரில் நான் ஒட்டிய கால அட்டவணை நான்கு நாள் தாங்கியது. ஐந்து மணிக்கு யோகா, ஐந்தரைக்கு வாசிப்பு என்று எழுதியிருந்தேன். யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆகிறது என்று லண்டனில் 2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவே ஒருநாள் தவறினால் குடி முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்தது. நான்கே நாளில் அட்டவணையைக் கிழித்திருக்க வேண்டாம்.

கடைசியில் என் முள்ளைத் திருப்பியவர் எதிர்வீட்டு அக்கா. ஊரடங்கோ என்னவோ, அவர் வாசலில் ஐந்தே முக்காலுக்குத் துடைப்பச் சத்தம், தொடர்ந்து சளக்கென்று தண்ணீர், வாளியைத் தரையில் வைக்கும் 'ணங்'. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த 'ணங்' கேட்டதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தேன். அவர் கோலத்தை முடிக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். மே மாதத்தில் ஒருநாள் அந்தச் சத்தமே கேட்கவில்லை. என்ன ஆச்சோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். இரவு மழை பெய்திருக்கிறது. வாசல் ஏற்கெனவே நனைந்திருந்தது. மணி ஐந்து ஐம்பது.