மாமியார் அட்டை எடுக்கப் போகும் ஐந்து நிமிடம்

கோபிப் பக்கத்துத் துணை சுகாதார நிலையம் ஒன்றில் நடந்ததைப் பயிற்சிக்கு வந்த செவிலியர் சொன்னார். ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க ரவிக்கைக் கையை மேலேற்றியிருக்கிறார். பட்டை சுற்றும் இடத்தில் நான்கு விரல் தடம் வரிசையாக இருந்திருக்கிறது. கையைத் திருப்பினால் உள்பக்கம் கட்டைவிரல் தடம். "என்ன அம்மிணி இது?" என்று கேட்டுவிட்டார். "தொழுவத்தில் வழுக்கி விழுந்துவிட்டாளுங்க" என்று பதில் சொன்னது பக்கத்தில் நின்ற மாமியார். அடுத்த மாதப் பரிசோதனைக்கு அந்தப் பெண் வரவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் ஆலோசகராக இருந்துவிட்டு, இப்போது செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், பஸ் நடத்துநர் என்று பலருக்கும் பயிற்சி கொடுக்கிறேன். நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அடி வாங்கிய பெண் அதைச் சொல்லிக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் வருவதில்லை. ரேஷன் அட்டையில் பெயர் பிரிக்க வருவாள். பிள்ளைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவாள். தலைவலி மாத்திரை கேட்பாள். அவளைத் தனியாகப் பார்க்க வழி செய்வதுதான் முதல் வேலை. "தாய் சேய் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டீர்களா? கொஞ்சம் எடுத்து வாருங்களேன்" என்று மாமியாரை அனுப்பலாம். எடை பார்க்க உள்ளே கூப்பிடலாம். கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "வீட்டில் யாராவது பயமுறுத்துகிறார்களா கண்ணு?" என்று கேட்டால் போதும். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். கேட்டவர் யார் என்று அவள் நினைவில் வைத்திருப்பாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது நானே ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டேன். எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. பையைத் துழாவும் கணவன் கையில் அது கிடைத்தால் அன்றைக்கே அடுத்த அடி. மூன்றே இலக்கம், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் போனிலிருந்து அந்த அழைப்பை அழிக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. புகார் கொடுத்தால் வீட்டுக்காரரை உடனே ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. குடும்ப வன்முறைச் சட்டம், 2005, போலீஸ் நிலையத்தை மிதிக்காமலே, இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதிமன்றம் போக வழி தருகிறது. அடிக்காதே என்ற உத்தரவு, அதே வீட்டில் இருக்கும் உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் ஜெயில். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் கதை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும்.

பயிற்சியில் அதிகம் இழுபடுவது ரகசியம் என்ற விஷயம். "அடிக்கிற பையன் எங்களுக்குப் பங்காளி முறைங்க. நாளைக்கு மாரியம்மன் நோம்பியில் முகத்தில் முழிக்க வேண்டாமா?" என்று ஓர் அங்கன்வாடிப் பணியாளர் கேட்டார். நியாயமான பயம். இங்கே யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. பங்காளியோ மாமன் மச்சானோ, ஏதாவது ஒரு முறை வந்துவிடும். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் தரப்பிலிருந்தே வெளியே வந்தது. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பெயர் வெளிவந்த நாளில் எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

அந்தப் பணியாளருக்கு 2005 சட்டத்தின் 4ஆவது பிரிவைப் படித்துக் காட்டினேன். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ நிற்காது. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு சொல்லுங்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சமரசம் பேச மட்டும் போகாதீர்கள் என்றேன். குறித்துக்கொண்டவர் நிமிர்ந்து, "அந்த அலுவலர் எந்த ஊரில் உட்காருகிறாருங்க?" என்றார்.

மாவட்டத் தலைநகரில், சமூக நல அலுவலகத்தில். கேட்ட பணியாளருடைய ஊரோ பர்கூர் மலை. இறங்கி அந்தியூரில் பஸ் மாறி, ஈரோட்டில் அலுவலகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கு இது சாமானியமில்லை. வடை, டீ, குழுப் படம், சான்றிதழ் என்று முடிகிற ஒருநாள் பயிற்சி எதிலும் இந்தக் கணக்கு வராது. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், கையில் காசில்லாதவரும் பக்கத்து டவுன் வரையாவது வந்துவிட முடிகிறது. அங்கிருந்து எந்தப் பஸ், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, போகும் முன் யாருக்குப் போன் செய்வது என்று ஊர் ஊராக எழுதி வாங்குவதற்கே இப்போதெல்லாம் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன்.