குடும்ப விவசாயி யார் என்று முதலில் எழுதி வைத்தவர்கள்

காவிரிப் படுகையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு பணியாற்றி வரும் எனக்கு, அரசின் உதவிகள் ஏன் பயிரிடுபவர் கைக்கு வந்து சேர்வதில்லை என்ற கேள்வி பழகிப்போன ஒன்று. திட்டத்தில் பணம் இருக்கும், அதிகாரிகளிடம் அக்கறையும் இருக்கும். ஆனாலும் வயலில் இறங்கி நாற்று நடும் குடும்பத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத காரணத்தால், அந்த உதவி பட்டாவில் பெயர் உள்ளவரின் வீட்டு வாசலோடு நின்றுவிடும். இந்தச் சிக்கலைத் தென் அமெரிக்காவின் சில நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, பொறுமையாக அணுகியிருக்கின்றன. அந்த அனுபவத்தை நம் உழவர்களும் உழவர் நிறுவனங்களை நடத்துவோரும் அறிந்துகொள்வது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறேன்.

1991இல் அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளும் மெர்கோசூர் என்ற பொதுச் சந்தையை உருவாக்கின. சுங்கவரி குறையவும் எல்லை தாண்டிய வணிகம் பெருகவும் வழி பிறந்தது. ஆனால் அதன் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது சோயாவும் இறைச்சியும் ஏற்றுமதி செய்யும் பெரும் பண்ணைகளுக்குத்தான். பாலும் காய்கறியும் கோதுமையும் விளைவித்த சிறு குடும்பங்களோ அண்டை நாட்டு மலிவு விலைச் சரக்கோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 1994இல் அந்நாடுகளின் குடும்ப உழவர் சங்கங்கள் கோப்ரோஃபாம் என்ற பொதுக் கூட்டமைப்பை அமைத்து, வணிக ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டன. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2004இல், பிரேசிலின் முன்மொழிவை ஏற்று மெர்கோசூர் அமைப்பு குடும்ப வேளாண்மைக்கென்றே ஒரு சிறப்பு மன்றத்தை உருவாக்கியது. சுருக்கமாக அதை 'ரெயாஃப்' என்கிறார்கள்.

அந்த மன்றம் செயல்படும் முறையைக் கவனிக்க வேண்டும். தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்திற்கு ஒருமுறை நாடு விட்டு நாடு மாறும். பொறுப்பேற்ற நாட்டில் மன்றம் கூடும். அதற்கு முன்னதாக ஒவ்வொரு நாட்டிலும் அமைச்சக அதிகாரிகளும் உழவர் சங்கப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, தங்கள் நாட்டின் நிலைப்பாட்டை வகுத்துக்கொள்வார்கள். கடன், நிலம், பெண் உழவர், இளையோர், வணிகம் என்று பொருள்வாரியாகப் பேச்சு நடக்கும். ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் இதற்குத் துணை நின்றது. அந்நிதியத்தின் உதவி டிராக்டர் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ போகவில்லை; ஆய்வுகளுக்கும், மன்றத்தின் அலுவலகப் பணிகளுக்கும், சிறு உழவர்களின் பிரதிநிதிகள் பயணம் செய்து கூட்டத்தில் உட்கார்வதற்கும் போயிற்று. வெளிநாட்டு உதவி என்றாலே பெரிய தொகையையும் பெரிய கட்டுமானத்தையும் எதிர்பார்க்கும் நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கொள்கை வகுக்கும் அறைக்குள் உழவரைக் கொண்டுபோய் அமர்த்தும் செலவைக் காட்டிலும் பயனுள்ள உதவியை நான் கண்டதில்லை.

அந்த மன்றம் செய்த முதன்மையான காரியம், குடும்ப விவசாயி என்பவர் யார் என்று வரையறுத்ததுதான். 2007இல் மெர்கோசூர் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளின்படி, பண்ணையின் வேலையில் பெரும்பகுதியைக் குடும்பத்தாரே செய்ய வேண்டும். கூலியாள் அமர்த்தலாம், ஆனால் அளவோடு. உற்பத்திக்கும் நிர்வாகத்துக்கும் குடும்பமே நேரடிப் பொறுப்பு ஏற்று, பண்ணையிலோ அதற்கு அருகிலோ குடியிருக்க வேண்டும். நிலமும் பிற வளங்களும் அந்தக் குடும்பத்தின் உழைப்புத் திறனுக்கு ஒத்த அளவில் இருக்க வேண்டும். இந்த அளவுகோல்களில் நில உடைமை ஒரு நிபந்தனையாகவே இடம்பெறவில்லை என்பதைப் படிப்பவர்கள் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உடைமைச் சான்று வைத்திருப்பவர் யார் என்று கேட்காமல், உழைப்பவர் யார், பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டார்கள். அதனால் குத்தகைக்காரரும் விவசாயி என்ற கணக்கில் வந்தார். இந்த நெறிகளைக் கொண்டு ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு தேசியப் பதிவேட்டை உருவாக்கியது அல்லது ஏற்கெனவே இருந்ததைச் சீர்செய்தது.

பிரேசில் இதில் முன்னோடி. அங்கு 1996 முதலே குடும்ப உழவர்களுக்கெனத் தனிக் கடன் திட்டம் இருந்தது. 2003இல் அவர்களிடமிருந்து அரசே உணவுப் பொருள்களை வாங்கும் திட்டம் வந்தது. 2006இல் குடும்ப வேளாண்மைக்குத் தனிச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டுப் பண்ணைகளில் சுமார் 77 விழுக்காடு, ஏறத்தாழ 39 லட்சம் பண்ணைகள், குடும்பப் பண்ணைகள். ஆனால் அவற்றின் வசம் இருந்தது மொத்த வேளாண் பரப்பில் 23 விழுக்காடு மட்டுமே. குடும்ப விவசாயி யார் என்ற வரையறை இருந்ததால்தான் இந்த ஏற்றத்தாழ்வை எண்ணிக்கையாகச் சொல்ல முடிந்தது, அதைக் காட்டி உரிமை கேட்கவும் முடிகிறது.

குடும்ப உழவர்களுக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது 2009ஆம் ஆண்டின் பள்ளி உணவுச் சட்டம். மத்திய அரசு பள்ளி உணவுக்கென உள்ளாட்சிகளுக்கு வழங்கும் தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடமிருந்து நேரடியாக வாங்குவதற்கே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஏறத்தாழ நான்கு கோடி மாணவர்கள் உண்ணும் உணவு அது. நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் சட்டங்கள் நடைமுறையில் தடுக்கி விழும் இடம் எது என்று அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பது அதன் உட்பிரிவுகளையும் அதன்கீழ் வந்த விதிகளையும் படித்தால் விளங்கும். மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏல முறையை விலக்கி, உள்ளூர்ச் சந்தை நிலவரத்தைக் கொண்டு விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, பொது அழைப்பு வெளியிட்டு வாங்க வழி செய்தார்கள். அந்த ஊர் உழவருக்கும், பழங்குடியினருக்கும், நிலச் சீர்திருத்தத்தால் குடியமர்ந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்ற உச்சவரம்பும் இருப்பதால், வசதியுள்ள சிலர் மட்டுமே முழு ஒதுக்கீட்டையும் எடுத்துக்கொள்ள முடியாது. உணவுப் பட்டியலை ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர், அந்த வட்டாரத்தின் பருவ விளைச்சலை அறிந்து தயாரிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பல நகராட்சிகள் 30 விழுக்காட்டை எட்டவில்லை என்பதும் உண்மை. சரக்கை ஏற்றிச்செல்ல வண்டியும் சேமிக்கக் கிடங்கும் இல்லாத பகுதிகளில் சட்டம் மட்டும் காய்கறியைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

அந்தப் பயன் பிரேசிலோடு நின்றுவிடவில்லை. உருகுவே 2014இல் ஒரு சட்டம் இயற்றி, அரசு நிறுவனங்கள் வாங்கும் உணவில் ஒரு பங்கைக் குடும்ப உழவர்களுக்கும் சிறு மீனவர்களுக்கும் ஒதுக்கியது. 2012இல் எத்தியோப்பியா, மலாவி, மொசாம்பிக், நைஜர், செனெகல் ஆகிய ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில், பிரேசிலின் கொள்முதல் முறையைத் தழுவிய முன்னோட்டத் திட்டம் உலக உணவுத் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் துணையோடு தொடங்கியது.

இங்கே தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1956இல் காமராசர் காலத்திலும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் விரிந்த நமது பள்ளி உணவுத் திட்டத்தோடு இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. சத்துணவு மையங்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக வருகின்றன; முட்டை ஒப்பந்தப்புள்ளி மூலம் வருகிறது; காய்கறியை மட்டும் மையங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்கின்றன. இவ்வளவு பெரிய, ஆண்டு முழுவதும் உறுதியான சந்தை நம் கண் முன்னே இருக்கிறது. அதில் ஒரு பங்கை அந்தந்த ஒன்றியத்தின் சிறு உழவர் நிறுவனங்களுக்குச் சட்டப்படி ஒதுக்கினால், காய்கறிக்கும் சிறுதானியத்துக்கும் விலை நிச்சயம் கிடைக்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நமது சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர்தான். அந்த அளவில் பயிரிடும் குடும்பத்துக்கு மானியத்தைவிட நிலையான கொள்முதலே பெரிய ஆதரவு என்பது என் உறுதியான கருத்து.

வெளியிலிருந்து வரும் சிறிய உதவி மாநிலக் கொள்கையாக வேர் பிடித்ததற்கு நம்மிடமே சான்று உண்டு. நான் மேலே குறிப்பிட்ட அதே பன்னாட்டு நிதியத்தின் துணையோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பின்னர் 1997இல் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆனால் தெற்காசிய நாடுகளின் அளவில் நமக்கு மெர்கோசூர் போன்ற அனுபவம் இல்லை. சார்க் அமைப்பின் வேளாண்மை மையம் டாக்காவில் இருந்தாலும், அதன் தலைவர்களின் உச்சி மாநாடு 2014க்குப் பிறகு நடைபெறவே இல்லை.

அரசு மாறினால் எல்லாம் போய்விடாதா என்று சிலர் கேட்பதுண்டு. போகத்தான் செய்கிறது. பிரேசில் 2016இல் தனது வேளாண் மேம்பாட்டு அமைச்சகத்தைக் கலைத்து, 2023இல்தான் மீண்டும் அமைத்தது. அர்ஜென்டினா 2024இல் குடும்ப வேளாண்மைக்கான தேசிய நிறுவனத்தையே மூடியது. பிரேசிலில் அமைச்சகம் இல்லாத ஆண்டுகளிலும் பள்ளி உணவுச் சட்டம் நடைமுறையில் நின்றது. அமைச்சகத்தை ஒரே ஆணையால் கலைத்துவிடலாம். பதிவேடும் சட்டமும் கையில் இருக்கும்போது அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

நமது நிலை என்ன? 2019இல் தொடங்கிய பிரதமரின் உழவர் நிதி நில உடைமையாளருக்கே உரியது. இப்போது வழங்கப்படும் உழவர் அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு பிணைந்தே வருகிறது. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வெளியூரில் இருப்பவர் நிலத்தையும் தலைமுறையாக உழுபவர்கள் ஏராளம். குத்தகை உரிமைப் பதிவுக்கென 1969ஆம் ஆண்டிலேயே நமக்குச் சட்டம் உண்டு. ஆயினும் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுவதால், பெரும்பாலான குத்தகை வாய்மொழியாகவே நடக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் நில உடைமையைக் காட்டும் சிட்டாவும், பயிர் விவரத்தைக் காட்டும் அடங்கலும் கேட்கும்போதுதான் அதன் கேடு தெரியவருகிறது.

ஆகவே குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் பயிரிடும் குடும்பங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். குறுவையானாலும் சம்பாவானாலும், விதைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரை அணுகி, சாகுபடி செய்பவர் நீங்கள்தான் என்று அடங்கலில் பதியச் சொல்லிக் கேளுங்கள். குத்தகைப் பணத்துக்கோ நெல்லுக்கோ ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் உரிய சான்றோடு சேரலாம். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். நிலம் ஈடு வைக்க இல்லாதவர்கள் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியில் கடன் கேட்கலாம். வயல் வேலையில் பாதியைச் சுமக்கும் பெண்களின் பெயரையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலில் தனியே சேருங்கள். கிராம சபையிலும், மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், பயிரிடுவோர் பதிவேடு வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.