தையல் இழுத்த பார்வை

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆச்சி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு போர்டைப் பார்த்தாள்.

"ப-வுக்கு ரெண்டு காலும் நல்லாத் தெரியுதுல. அடிக்கோடுதான் கலங்கிக் கெடக்கு. லென்ஸக் கோணலா வச்சுட்டானுவளோ?"

போர்டில் இருந்தது 'பாபநாசம்'. புரைக்கும் கண் பிரஷருக்கும் சேர்த்து ஒரே ஆபரேஷன் முடிந்து அது மூன்றாவது வாரம்.

லென்ஸ் நேராகத்தான் இருந்தது. கோணல் அதற்கு முன்னால், கார்னியாவில். கருவிழியை வாட்ச் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிந்த படலம் அது. கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) என்றால், அதில் 43 போல இந்தப் படலத்தின் வளைவு தருவது. வளைவின் ஆரம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர். மேல்கீழ் வாக்கில் மட்டும் அது 7.6 ஆனால் போதும், அந்தத் திசையில் ஒரு டயாப்டர் கூடிவிடும். இப்படித் திசைக்கொரு பவர் இருப்பதுதான் ஆஸ்டிக்மாடிசம். கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதுவார்கள். ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1825இல் தன் கண்ணுக்கே உருளை வளைவுள்ள கண்ணாடி செய்து போட்டுக்கொண்டார். 'சிலிண்டர்' என்ற பெயர் அந்த உருளை வளைவால்தான்.

ஆச்சிக்கு வந்த வகையில், ஒரு புள்ளி விழித்திரையில் புள்ளியாக விழாது. மேலும் கீழும் இழுபட்டு விழும். நிற்கிற கோடு தன் நீளவாக்கிலேயே இழுபடுவதால் கோடாகவே தெரியும். படுத்த கோடு பட்டையாகக் கலங்கும். ப-வின் கால்கள் தப்பித்து அடிக்கோடு மாட்டிக்கொண்டது அதனால்தான்.

யார் இழுத்தது? தையல். பிரஷருக்கான டிராபெகுலெக்டமி என்ற ஆபரேஷனை 1968இல் கெய்ர்ன்ஸ் என்ற கண் டாக்டர் விவரித்தார். மேல் இமைக்கு அடியில், கண் வெள்ளையில் பாதிக் கனத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டரில் ஒரு மூடி கீறி, அதன் கீழே சிறு துளை போடுவார்கள். உள்ளே தேங்கும் நீர் அதன் வழியே கசிந்து வெளியேறும். குளத்து மடைக்குப் பலகை போல இந்த மூடி. பலகை அதிகம் திறந்தால் கண் தொய்ந்துவிடும். இறுக மூடினால் நீர் வடியாது. முதல் நாட்களில் தொய்வுதான் பெரிய பயம். ஆகவே டாக்டர்கள் தையலைக் கொஞ்சம் இறுக்கியே போடுவார்கள்.

நூல் 0.02, 0.03 மில்லிமீட்டர் தடிமன்தான், தலைமுடியை விட மெல்லியது. ஆனால் ஆச்சியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கி வயிறு புடைக்கிறதே, அதே கதை: தையலருகே திசு நெருக்கப்பட, கார்னியாவின் நடுவில் அந்த வாக்கில் வளைவு கூடுகிறது. புரைக்கான கீறலைக் கண்ணின் காதோரப் பக்கம் போட்டிருந்தால், அது பக்கவாட்டு வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கும். இரண்டும் ஒரே பக்கம் கூடும். வயதானால் கார்னியா இயல்பாகவே எதிர்த்திசைக்கு, அதாவது பக்கவாட்டு வளைவு கூடும் பக்கம், சாய்வது வழக்கம் என்பதால், சிலருக்கு இந்த இழுப்பு லாபமாகவும் முடியும்!

இறுக்கிய தையலை ஓ.பி.யிலேயே மரப்புச் சொட்டு விட்டு உருவலாம், லேசரால் அறுக்கலாம். எப்போது என்பதைப் பிரஷர்தான் முடிவு செய்யும், பார்வைக் கோணல் அல்ல. ஆச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ரெண்டு காபி ஆயிற்று. அவசரப்பட்டு மூன்றாம் வாரமே கண்ணாடி வாங்கினால், தையல் தளர்ந்ததும் அது வேறு யாருக்கோ செய்த கண்ணாடி ஆகிவிடும். இரண்டு மூன்று மாதம் பொறுப்பது நல்லது. திடீரென வலி, சிவப்பு, பீளை, பார்வை மங்கல் வந்தால் மட்டும் பொறுக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரஷர் ஏற்கெனவே நரம்பில் தின்றுவிட்ட பார்வையை எந்தக் கண்ணாடியும் திருப்பித் தராது என்பதையும் ஆச்சியிடம் மறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி வந்தது, சிறிய சிலிண்டரோடு. மறுபடி அதே பஸ் ஸ்டாண்ட். பாபநாசத்தை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஆச்சி படித்தாள்: "வழி, வி.கே.புரம்."