ஸ்டெம் செல் செய்தியில் தலைப்புக்குக் கீழே தேட வேண்டியவை

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். ஸ்டெம் செல் சிகிச்சை என்ற ஒரே பெயரில் பத்திரிகையில் வருவதெல்லாம் ஒரே விஷயம் அல்ல. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியா என்ற மரபுவழி ரத்த நோய்க்கும் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் அது நடக்கிறது. அமிலமோ சுண்ணாம்போ தெறித்துக் கருவிழி வெளுத்துப் போனவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வைக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் இது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. இவை பலன் தெரிந்த சிகிச்சைகள். மூட்டுவலி, சர்க்கரை நோய், ஆட்டிசம், பக்கவாதம், தண்டுவடக் காயம் என்று விளம்பரத்தில் நீளும் பட்டியலின் கதை வேறு. அதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வில் இருக்கிறது, மிச்சம் பெரும்பாலும் வியாபாரம். செய்தியின் முதல் பத்தியில் மஜ்ஜை மாற்றால் பிழைத்த குழந்தை இருக்கும், மூன்றாவது பத்தியில் முழங்கால் ஊசி வந்துவிடும். முன்னதன் நல்ல பெயரில்தான் பின்னது விலை போகிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் செல், யாரிடமிருந்து எடுத்தது, எந்த நோய்க்கு என்பதை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சிப் பிரித்தெடுத்த செல் கலவை ஒன்று, தொப்புள்கொடியிலிருந்து வளர்த்த செல் இன்னொன்று, தோல் செல்லை ஆய்வகத்தில் பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஐபிஎஸ் செல் மற்றொன்று. ஐபிஎஸ் முறையை ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனித செல்லிலும் செய்து காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நோபலை மேற்கோள் காட்டி வேறொருவர் கொழுப்பு ஊசி போடுவார். ‘பி.ஆர்.பி.’ ஊசியையும் பலர் ஸ்டெம் செல் கணக்கில் சேர்க்கிறார்கள். அது நோயாளியின் ரத்தத் தட்டணுக்களைச் செறிவாக்கியது, அதில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் கலந்து குடிக்கும் ‘ஆப்பிள் ஸ்டெம் செல்’ பாக்கெட்டுகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தாவரச் செல் வயிற்றுக்குள் போனால் செரிக்கும், அவ்வளவே.

ஒரே நோய்க்கு இரண்டு விதமான ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ எப்படி முடிந்தது என்பதற்கு 2017 மார்ச் மாதத்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழைவிட நல்ல சாட்சி இல்லை. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து பார்வை மங்கும் நோய் பற்றிய இரு கட்டுரைகள் அதே இதழில் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி குழு செய்தது. நோயாளியின் தோலிலிருந்து ஐபிஎஸ் செல், அதிலிருந்து விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல்களின் மெல்லிய தகடு. அதை ஒரு பெண்மணியின் ஒரே ஒரு கண்ணில் வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்காகத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், அவற்றை வைக்காமலே நிறுத்திவிட்டார்கள். இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்லில் முதிராதது சிலவாவது கலந்து உடலுக்குள் போனால் கட்டியாக வளரும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது கட்டுரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போன மூன்று மூதாட்டிகளைப் பற்றியது. எழுதியவர்கள், பார்வை போன பிறகு அவர்களைப் பார்த்த மருத்துவர்கள். கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்ததை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் செலுத்தினார்கள். கட்டணம் 5,000 டாலர். சில நாட்களில் ரத்தக் கசிவு, விழித்திரை கழலுதல். ஓராண்டு கழித்து, ஓரளவு பார்வையோடு போனவர்கள் சட்டப்படி பார்வையற்றவர் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள், ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. உள்ளே போன செல்கள் விழித்திரை மேல் தழும்புச் சவ்வாகப் படிந்து சுருங்கி அதை இழுத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எப்படி ஆனாலும், இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டதை எந்தக் கண் மருத்துவரும் நியாயப்படுத்த மாட்டார். புதிய சிகிச்சை என்றால் ஒரு கண்ணில் செய்து பொறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

இதில் ஊடகம் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. அந்த கிளினிக்கின் ‘ஆய்வு’ மருத்துவ ஆய்வுகளுக்கான அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் இருந்தது. பதிவு இருந்தால் அரசு அனுமதி இருக்கிறது என்று நோயாளி நினைத்துக்கொள்கிறார், நிருபரும் அப்படித்தான் எழுதுகிறார். பதிவேடு யாரையும் அங்கீகரிப்பதில்லை. கொடுத்த தகவலைப் பொதுவில் வைக்கிறது.

நம் நாட்டில் இதற்குச் சமமானது சி.டி.ஆர்.ஐ. (CTRI) என்ற இணையப் பதிவேடு. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். செய்தியில் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று இருந்தால் ஆய்வு எண்ணைத் தேடுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், ஆண்டு, மாதம், பிறகு ஆறு இலக்கம் என்று அது இருக்கும். எண்ணே இல்லையென்றால் நோயின் பெயரையும் ஸ்டெம் செல் என்பதையும் ஆங்கிலத்தில் போட்டு அங்கேயே தேடலாம். பக்கம் திறந்ததும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே பதிந்தார்களா, பின்னால் பதிந்தார்களா என்று மேலேயே இருக்கும். பின்னால் பதிந்ததென்றால் முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலை மாற்றியிருக்க இடமுண்டு. எத்தனை பேர், எந்தக் கட்டம் என்று பாருங்கள். முதல் கட்டம் என்றால் அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி ஆபத்து இல்லையா என்பதுதான், குணமாகிறதா என்பதல்ல. ஒப்பிட, அந்தச் சிகிச்சை பெறாத ஒரு குழு இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதியும் பெற்றதா என்பதும் அதே பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்த பொருளை மருந்தாகப் பயன்படுத்தினால், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அது ‘புதிய மருந்து’. ஆகவே, பதிவில் ‘அந்த அனுமதி தேவையில்லை’ என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் உண்டு. பர்ஜர் நோயால் காலில் ரத்த ஓட்டம் குன்றியவர்களுக்கான ஒரு தயாரிப்புக்கு 2016இல் வரையறைகளுடன் அனுமதி தந்தார்கள். அந்த அனுமதி அந்த நோய்க்கு மட்டுமே தந்தது. அதைக் காட்டி வேறு நோய்க்கு ஊசி போட முடியாது.

ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் கைகால் தானாகவே ஓரளவு தேறும். அந்த நேரத்தில் எந்த ஊசி போட்டாலும் பெயர் ஊசிக்குத்தான். முழங்கால் வலி ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது ஊசிக்கு வருகிறோம், அடுத்து இறங்கத்தான் செய்யும், வெறும் உப்புநீர் ஊசிக்கும் வலி குறைகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளரும், பேச்சுப் பயிற்சியும் கூடவே நடக்கும். ‘ஊசிக்குப் பிறகு பத்து வார்த்தை பேசினான்’ என்று அம்மா கண்ணீரோடு சொல்லும் காணொளி பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஊசியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

‘இன்னும் ஐந்தாண்டுகளில்’ என்ற வாக்கியத்தை அப்படியே தாண்டிப் போய்விடலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மூன்று நாட்டுப் பத்திரிகைகளின் ஸ்டெம் செல் செய்திகளை அலசினார்கள். கால அளவு சொன்ன செய்திகளில் பத்துக்கு ஏழு, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் அல்லது அதற்கும் முன்பே சிகிச்சை வந்துவிடும் என்றிருந்தன. எலியில் செய்தது மனிதருக்கு வர எடுக்கும் காலம் அப்படி எண்ணத்தக்கதல்ல, பல வழியிலேயே நின்றுவிடும். பெரிய இதழில் வந்தது என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. சாதாரண செல்லை அமிலக் கரைசலில் நனைத்தே ஸ்டெம் செல்லாக்கலாம் என்ற ஜப்பானிய ஆய்வு 2014 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்து உலகமெங்கும் தலைப்பானது. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வேறு ஆய்வகங்களில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு வரவேயில்லை. வந்த செய்தி முதல் பக்கம், திரும்பப் பெற்றது உள்பக்கம்.

பிரசவ நேரத்தில் வரும் தொப்புள்கொடி ரத்த வங்கி விளம்பரத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ‘உங்கள் குழந்தையின் எதிர்காலக் காப்பீடு’ என்பார்கள். ஆனால் தலசீமியா போன்ற மரபுவழி நோய் வந்தால் குழந்தையின் சொந்தக் கொடி ரத்தத்திலும் அதே பிழை இருக்கும். 1988இல் பாரிஸில் முதன்முதலாகக் கொடி ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிய சிறுவனுக்கு உதவியது அவனது சொந்தக் கொடி ரத்தம் அல்ல, பிறந்த தங்கையினுடையது. தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிலைப்பாடு. வீட்டில் ஏற்கெனவே ரத்த நோயுள்ள பிள்ளை இருந்தால் பேச்சு வேறு. அதை ரத்தநோய் நிபுணரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசுங்கள்.

கடைசியாக, கிளினிக்குக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டிய ஒன்று. இது ஆய்வா, சிகிச்சையா? சிகிச்சை என்றால் அந்த நோய்க்குக் கிடைத்த அனுமதியின் நகலைக் கேளுங்கள். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவு ஆய்வு நடத்துபவருடையது. ஆய்வு என்று சொல்லிவிட்டு, இரண்டு லட்சம் ஆகும், இந்த மாதம் முன்பதிவு செய்தால் தள்ளுபடி என்றால் ஃபோனை வைத்துவிடலாம். பக்கவாதம், பார்வையின்மை, சர்க்கரை நோய், புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தின்படி குற்றம். விளம்பரத்தைப் படமெடுத்து, தேதியோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பலாம்.